வர ஒன்னே முக்கால், போக ஆறரை

சீனி, என் சீனிக்கட்டி,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதத்தைப் பார்த்ததும் பயந்துடாதே, எனக்கு உடம்புக்கு ஒன்னுமில்லை. எப்பவும் போல போன்ல பேசி அனுப்பியிருக்கலாம். ஆனா நான் பேசி அனுப்புறதை நீ சாப்பிட்டுக்கிட்டே சத்தமா போட்டு வைப்பே, அம்மா குரல் வீடு பூரா கேக்கட்டும்னு. இது வீடு பூரா கேக்குற சேதி இல்லை. முதல்ல நீ மட்டும் படி. அப்புறம் உன் மாமி வீட்டுக்குப் போயி, அவங்க எதிர்ல உட்கார்ந்து, ஒரு எழுத்து விடாம நீயே படிச்சுக் காட்டு. நான் அஞ்சாங்கிளாஸோட நின்னவ. எழுத்து கோணலா இருக்கும், சில இடத்துல புள்ளி விட்டுப் போயிருக்கும். மூணு நாளா எழுதுறேன். எழுத எழுத வெக்கமா இருக்கு, எழுதாம வச்சா நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது.

உங்கத்தா மவுத்தாகி நாலு மாசம் ஆச்சு. புருசன் போன பொண்ணு நாலு மாசமும் பத்து நாளும் வாசப்படி தாண்டாம இத்தா இருக்கணும்ல, அதுல எனக்கு இன்னும் ஒன்பது நாள் பாக்கி. தென்னூர்ல இந்த ரெண்டு ரூம் வீட்டுக்குள்ள அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துக்கிட்டு இருக்கேன். தெருவுல என்ன நடக்குதுன்னு சத்தத்தை வச்சுத்தான் தெரியும். முன்னெல்லாம் பிளேன் சத்தம் கேட்டா உங்கத்தா தட்டுல இருந்து தலையைத் தூக்காமலே, "இது கொழும்பு வண்டி, இது மலேசியா வண்டி"ன்னு சொல்வார். இருபது வருசத்துக்கு மேல ஏர்போர்ட்டுக்கு சவாரி ஓட்டினவர், அவருக்குப் பிளேனும் ஒரு வண்டிதான். இப்பவும் சத்தம் கேக்குது. எந்த ஊர் வண்டின்னு சொல்லத்தான் ஆளில்லை.

நீ எனக்கு அனுப்புன டிக்கெட்டை சின்னத்தா காட்டூர்ல பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். உங்கத்தாவோட தம்பி பாரு, எனக்குன்னா ஓடி வந்துடுவார். "அண்ணி, இத்தா முடிஞ்ச மறுவாரம் சிங்கப்பூரு. மகன் ஊரைப் பாத்துட்டு எங்களை மறந்துடாதீங்க"ன்னு சிரிச்சார். நான் அந்தத் தாளை குர்ஆன் வச்சிருக்கிற பலகைக்குக் கீழ வச்சிட்டேன். தினமும் எடுத்துப் பார்த்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு இங்க புறப்பாடு, சாயங்காலம் ஆறரைக்கு அங்க. ஆறரை மணி நேரம். அந்த ஆறரையைப் பார்க்குறப்பல்லாம் பழைய ஒன்னே முக்கால் ஞாபகம் வந்துச்சு. அதுல இருந்துதான் நான் சொல்ல வந்ததும் ஆரம்பிக்குது.

நீ வேலைக்குப் போயி முதல் லீவுல வந்தப்ப, உங்கத்தா காலண்டர்ல பென்சிலால உன் வண்டி நேரத்தை எழுதி வச்சிருந்தார். சிங்கப்பூர்ல ஒன்பது மணிக்குப் புறப்பாடு, திருச்சியில பத்தே முக்காலுக்கு. நீ திரும்பிப் போறப்பவும் எழுதினார், இங்க பன்னிரண்டு, அங்க ஆறரை. எனக்கு எழுத்துதான் தட்டுத் தடுமாறும், எண்ணு நல்லா வரும். நான் கூட்டிக் கழிச்சுப் பார்த்துட்டு, "என்னங்க இது, வர்றதுக்கு ஒன்னே முக்கால் மணி, போறதுக்கு மட்டும் ஆறரையா?"ன்னு கேட்டேன். உங்கத்தா சட்டை பட்டனைப் போட்டுக்கிட்டே சொன்னார்: "அது பெத்தவளைப் பாக்க வர்ற வண்டிடி, பறந்து வந்துடும். விட்டுட்டுப் போற வண்டிக்குக் கால் எழும்புமா? மெதுவாத்தான் போகும்." சொல்லிட்டு சாவியை எடுத்துக்கிட்டு சவாரிக்குப் போயிட்டார். அவர் கேலிக்குச் சொன்னதை நான் நிசம்னு வச்சுக்கிட்டேன். காத்து இந்தப் பக்கம் தள்ளும் போலிருக்கு, அதுதான் வர்றப்ப சுருக்கா வருதுன்னு நானா ஒரு காரணமும் கண்டுபிடிச்சுக்கிட்டேன். ஆறு வருசமா எனக்கும் உனக்கும் நடுவுல ஒன்னே முக்கால் மணிதான்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியா தூங்கினேன், சீனி. இங்கேருந்து தஞ்சாவூர் போயிட்டு வர்ற நேரம்கூட இல்லையே!

அங்க மணி முன்னாடி ஓடும்னு எனக்குத் தெரியாதான்னு கேப்பே. தெரியும். நான் தோசைக்கு சட்டினி அரைக்கிறப்ப நீ மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்புறேன்னு சொல்வியே. ரெண்டரை மணி வித்தியாசம்னு எனக்குத் தெரியும். ஆனா அதையும் டிக்கெட்டையும் சேர்த்து வச்சுப் பார்க்க எனக்குத் தோணலை. அது ஒரு மூலையில கிடந்துச்சு, இது ஒரு மூலையில கிடந்துச்சு.

இப்ப நஸ்ரீனைப் பெத்த உன் மாமியைப் பத்தி எழுதுறேன். நீ இதை அவங்க முன்னாடி படிக்கணும்னு சொல்லிட்டுத்தான் எழுதுறேன். எனக்கு அவங்க மேல பொறாமை. சண்டையில்ல, மனத்தாங்கல் இல்ல, பொறாமைதான். உன் நிக்காஹ் அன்னிக்கே வந்துடுச்சு. சிங்கப்பூர்ல பொறந்து வளர்ந்தவங்க, நம்ம ஊருக்கு வந்து மண்டபத்துல அவ்வளவு சனத்துக்கு நடுவுல, உன் கன்னத்தை ரெண்டு கையாலயும் புடிச்சு, "எனக்கு ஆம்பளைப் புள்ளை இல்லாத குறையை அல்லா தீத்துட்டான்"னாங்க. எல்லாரும் கண்ணைத் துடைச்சாங்க. நானும் துடைச்சேன். ஆனா எனக்கு வந்தது வேற அழுகை. எனக்கு இருக்கிறது ஒரே புள்ளை, அதை வச்சு இவங்க குறையைத் தீத்துக்கிட்டா நான் என்ன பண்றதுன்னு.

அப்புறம் நீங்க அவங்க வீட்டுப் பக்கமே வீடு பாத்தீங்க. "எவ்வளவு தூரம்டா?"ன்னு கேட்டேன். "பஸ்ல மூணு ஸ்டாப்மா, நடந்தே போயிடலாம்"னே. மூணு ஸ்டாப். தென்னூர்ல இருந்து தில்லைநகர் போறாப்ல. ஞாயித்துக்கிழமை காலையில அவங்க வீட்டுல பசியாறப் போவீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை நீ வீடியோவுல என்கிட்ட பேசிக்கிட்டு இருக்கே, அடுப்படியில இருந்து அவங்க குரல் வருது: "சீனி, தேத்தண்ணி ஆறுது பாருங்க!" நீயும், "வர்றேன் மாமி"ன்னு எந்திரிச்சே. சீனிங்கிறது நான் வச்ச பேரு. மூணு வயசுல டப்பாவைத் திறந்து, வாயெல்லாம் சீனியோட அடுப்படி மூலையில எறும்புக்கு நடுவுல உட்கார்ந்திருந்தே, அன்னிக்கு வச்சது. உங்கத்தாகூட அந்தப் பேரை என்னைக் கேட்டுத்தான் கூப்பிடுவார், "உன் சீனி எங்கடி?"ன்னு. அந்தப் பேரை நீயே கொண்டுபோயி அங்க கொடுத்துட்டியே!

கைக்கடிகாரத்தையும் சொல்லிடறேன். முதல் பயணத்துக்கு உங்கத்தா வாங்கிக் கட்டி விட்டது. "எறங்கினதும் அந்த ஊர் மணிக்கு மாத்திக்கடா"ன்னார். நீ என் பக்கம் திரும்பி, "மாத்த மாட்டேன்மா, அந்த ஊர் மணிக்குப் போன் இருக்கு, இது உங்க மணியிலேயே ஓடட்டும்"னே. அந்த ஒரு வார்த்தையை வச்சு நான் நாலஞ்சு வருசம் ஓட்டிட்டேன். நிக்காஹுக்கு அப்புறம் நீ வந்தப்ப, குளிக்கப் போகையில கழட்டி அலமாரியில வச்சே. எடுத்துப் பார்த்தேன். ரெண்டரை மணி முன்னாடி ஓடிக்கிட்டு இருந்துச்சு. எடுத்த இடத்துலயே வச்சிட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா சிரிச்சிட்டு ஏதாவது சொல்லியிருப்பே, அன்னிக்கே போயிருக்கும். கேக்காம உள்ள வச்சேன், அது உள்ள இருந்து வேலை பாத்துச்சு.

உங்கத்தா மவுத்தான அந்த ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். விடியக்காலை சுபுஹு தொழுதுட்டு வந்து உங்கத்தா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார். சுடுதண்ணி கேட்டார். நான் கொண்டுவர்றதுக்குள்ள சாஞ்சிட்டார். சின்னத்தாவுக்குப் போன் அடிச்சேன், அவர் டாக்டரைக் கூட்டிக்கிட்டு வந்தார், டாக்டர் கண்ணைத் திறந்து பாத்துட்டு எந்திரிச்சிட்டார். அப்ப மணி ஏழு. சின்னத்தா அழுதுக்கிட்டே, "அண்ணி, சீனிக்கு சொல்லணும், நான் அடிக்கவா?"ன்னார். நான் சொன்னேன், "வேணாம், நான் சொல்லிக்கிறேன்." போனை எடுத்துக்கிட்டு உள் ரூமுக்குப் போனேன். உன் பேருக்கு மேல விரலை வச்சேன். அமுக்கலை.

ஏன் அமுக்கலைன்னு கேளு. நம்ம ஏழு மணின்னா உங்களுக்கு ஒன்பதரை. நீ அவங்க வீட்டு மேசையில உட்கார்ந்து பசியாறிக்கிட்டு இருப்பே. நான் சொன்னா நீ அழுவே. நீ அழுதா அவங்க எந்திரிச்சு வந்து உன் தலையைத் தடவுவாங்க, நெஞ்சோட சாச்சுக்குவாங்க. அது என் கண்ணு முன்னால அப்படியே தெரிஞ்சுது. என் புருசன் மையித்து கூடத்துல கிடக்கு, நான் ரூமுக்குள்ள நின்னு அந்தம்மா கையை நெனச்சுக்கிட்டு இருக்கேன். உன் சிரிப்பு அவங்களுக்கு, உன் ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு, உன் பேரும் அவங்களுக்கு. உங்கத்தாவுக்காக நீ அழுவுற அழுகையையாவது அவங்களுக்குக் கொடுக்க மாட்டேன்னு நெனச்சேன். அது எனக்கு வரணும். நீ இங்க வந்து, என் மடியில விழுந்து அழணும். மத்தியானத்துக்குள்ள நீ உன் வீட்டுக்குத் திரும்பிடுவே, அப்ப சொல்லிக்கலாம். அடக்கம் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம்தான், ஒன்னே முக்கால் மணி நேரத்துல வந்துடப் போறான், என்ன அவசரம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வெளியில வந்தேன். சின்னத்தா, "சொல்லிட்டீங்களா?"ன்னார். "சொல்லிட்டேன், கிளம்புறான்"னேன்.

பத்து மணிக்குத்தான் உனக்கு அடிச்சேன். நீ தனியா இருந்தே. நஸ்ரீன் அவ அம்மா வீட்டுலயே இருந்துட்டா, நீ மறுநாள் வேலைக்குப் போடுறதுக்கு சட்டை தேய்ச்சுக்கிட்டு இருந்தே. நான் சொன்னதும் நீ அழலை. சின்னப் புள்ளை மாதிரி, "அத்தா பசியாறிட்டாராம்மா?"ன்னு கேட்டே. இல்லைன்னு சொன்னேன். வச்சிட்டே. ஒரு கால் மணி கழிச்சு நீயே அடிச்சே: "அம்மா, ஒரே ஒரு சீட்டு கிடைச்சிருக்கு. நம்ம நேரம் ரெண்டு மணிக்கு வண்டி. வந்துடறேன், அத்தாவை வச்சிருக்கச் சொல்லுங்க." எனக்குக் குழப்பம் வரக் கூடாதுன்னு அந்த ஊர் மணியை நம்ம ஊர் மணிக்கு மாத்திச் சொன்னே. அந்த அவசரத்துலயும் என்னை நெனச்சு மாத்திச் சொன்னே. நான் ரெண்டோட ஒன்னே முக்காலைக் கூட்டினேன். மூணே முக்கால். ஜமாஅத் பெரியவங்க கேட்டப்ப, "மூணே முக்காலுக்கு எறங்கிடுவான், அஸருக்கு இங்க இருப்பான்"னேன். பெத்தவ சொல்றா, மகன்கிட்ட பேசிட்டுத்தான் சொல்றான்னு யாரும் மறுபேச்சு பேசலை. போனை சின்னத்தா மக வாங்கி, சனம் நிறைய இருக்குன்னு அலமாரியில வச்சுப் பூட்டிட்டா.

நாலு மணி ஆச்சு. நாலரை ஆச்சு. நீ வரலை. உங்கத்தா கூட ஓட்டுன டிரைவர் ஒருத்தர் ஏர்போர்ட் வாசல்ல உனக்காக நின்னார். அவர்கிட்ட இருந்து சின்னத்தாவுக்குப் போன் வந்துச்சு: சிங்கப்பூர் வண்டி ஆறே காலுக்குத்தான். சின்னத்தா, பொம்பளைங்க இருந்த பக்கம் கட்டியிருந்த திரைக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னார், "அண்ணி, ஆறே காலுக்குத்தானாம். பெரியவங்க கேக்குறாங்க, பொழுது சாஞ்சதும் மஃரிப் தொழுதுட்டு எடுத்துக்கலாமா? நீங்க சொல்றதுதான்." மையித்தைக் காக்க வைக்கக் கூடாதுன்னு நம்மள்ல சொல்லுவாங்க, இருந்தாலும் மகனுக்காக ஒரு ரெண்டு மணி நேரம் பொறுக்க அவங்க எல்லாரும் தயாரா இருந்தாங்க. நான்தான் தயாரா இல்லை. எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. ரெண்டு மணி வண்டியில ஏறியிருந்தா மூணே முக்காலுக்கு வந்திருப்பான். ஆறே காலுக்கு வர்றான்னா ரெண்டு மணி வண்டியை விட்டுட்டு அடுத்ததுல ஏறியிருக்கான். ஏன் விட்டான்? மாமி வீட்டுக்குப் போயிருப்பான். அவங்க புடிச்சு வச்சு, ஆறுதல் சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருப்பாங்க. அத்தா முகத்தைவிட அந்தத் தேத்தண்ணி பெருசாப் போச்சான்னு நெனச்சேன். திரைக்கு இந்தப் பக்கம் நின்னு சொன்னேன்: "காக்க வேணாம். வர்றவன் நேரத்துக்கே வந்திருப்பான். எடுத்துட்டுப் போங்க."

சின்னத்தா ரெண்டாந்தரம் கேட்டார், "அண்ணி, யோசிச்சுச் சொல்லுங்க." நான் யோசிக்கலை. எடுத்துட்டுப் போயிட்டாங்க. பொம்பளைங்க கபர்ஸ்தானுக்குப் போறதில்லை, நான் கூடத்துல வெறும் பாயைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்த சின்னத்தா, "அஞ்சு இருபதுக்கு மண்ணு தள்ளிட்டோம் அண்ணி"ன்னார். ஆறு மணிக்கு அப்புறம் மேல ஒரு வண்டி சத்தம் கேட்டுச்சு. அது நீதான்.

நீ வந்து வாசல்ல செருப்பைக்கூடக் கழட்டாம, "அத்தா எங்கம்மா?"ன்னே. நான் உன்னைத் தொடலை. உன் சட்டையில இருந்து வேற வீட்டு வாசனை வருதான்னு பாத்தேன், அல்லா என்னை மன்னிக்கணும். நீ, "ஏம்மா காக்கலை? ரெண்டு மணிக்கே ஏறிட்டேனே!"ன்னே. நீ மாமியைக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னு நெனச்சேன். உன் பொய்யைவிடப் பெரிய பொய்யா ஒன்னு சொல்லணும்னு வாயில வந்துச்சு. "காலையில ஏழு மணிக்கே உன் மாமி நம்பருக்கு அடிச்சேன். அத்தாவுக்கு முடியலைன்னு சொன்னேன். நீ பசியாறிக்கிட்டு இருக்கே, அப்புறம் பேசச் சொல்றேன்னு வச்சுட்டாங்க"ன்னேன். நீ சுவத்தைப் புடிச்சுக்கிட்டே, "ஏழு மணிக்கே தெரிஞ்சிருந்தா நம்ம நேரம் பத்தரை மணி வண்டியைப் புடிச்சிருப்பேனே, அத்தா முகத்தைப் பாத்திருப்பேனே"ன்னு அழுதே. என் மடியில விழுந்துதான் அழுதே. நான் ஆசைப்பட்ட மாதிரியே. உன் தலையைத் தடவினேன். சுகமா இருந்துச்சுன்னு எழுதினா நீ என்னை வெறுத்துடுவே. ஆனா இருந்துச்சு, சீனி.

சீனி, ஏழு மணிக்கு நான் யாருக்கும் அடிக்கலை. உன் மாமிக்கு அன்னிக்கு நான் போனே பண்ணலை. அவங்க தன் போனைக் காட்டி, பாருங்க, அப்படி ஒன்னும் வரலைன்னு சொன்னதுக்கு, "அழிச்சிட்டீங்க"ன்னு நீ சொன்னியாம். பெத்தவ பொய் சொல்ல மாட்டான்னு நீ அப்படி நம்பினே. நாலு மாசமா அந்த வீட்டுப் படி ஏறலை, நஸ்ரீன் தனியாத்தான் அம்மாவைப் பாக்கப் போறா, உங்களுக்குள்ள பேச்சே குறைஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சப்ப, ஒரு பக்கம் மனசு உறுத்துச்சு. இன்னொரு பக்கம், ஞாயித்துக்கிழமை காலையில நீ என்கிட்ட ஒரு மணி நேரம் பேசினே. மூணு ஸ்டாப் தூரத்துல இருந்தவங்க தூரமாப் போயிட்டாங்க, நான் பக்கத்துல வந்துட்டேன். அதை விட மனசு வரலை.

போன மாசம் உன் மாமி எனக்கு அடிச்சாங்க. திட்டப் போறாங்கன்னு எடுத்தேன். "அக்கா, சாப்பிட்டீங்களா? தனியா இருந்தா சமைக்கத் தோணாது, சாப்பிடாம இருந்துடாதீங்க"ன்னாங்க. அப்புறம் மெல்ல, "அக்கா, நீங்க அடிச்சதாவே இருக்கட்டும். நான்தான் எடுத்துட்டு மறந்துட்டேன்னு உங்க மகன்கிட்ட சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கிறேன். சீனி இங்க வந்து ஒரு வாய் சாப்பிட்டாப் போதும். என் பொண்ணு முகத்தைப் பாக்க முடியலை"ன்னாங்க. பண்ணாத தப்பை ஏத்துக்க அவங்களால முடியுது. பண்ண தப்பை ஒத்துக்க என்னால முடியலை. "சரிங்க"ன்னு மட்டும் சொல்லி வச்சிட்டேன். வச்ச பிறகு, அவங்களோட அந்த நல்ல குணத்து மேலயும் எனக்குப் பொறாமையா வந்துச்சு. பாரு, இது எங்க போயி நிக்குதுன்னு.

அப்பவும் உன் வண்டி விசயத்துல தப்பு அவங்க மேலதான்னு எனக்கு ஒரு பிடி இருந்துச்சு. அதையும் போன வாரம் வைதேகி டீச்சர் வந்து எடுத்துட்டாங்க. ஸ்ரீரங்கத்துல இருந்து, உங்கத்தா வண்டியிலதான் ஏர்போர்ட் போவாங்களே, அவங்கதான். என்னை வந்து பார்க்கலையேன்னு மனசு கேக்காம இந்த வயசுல பஸ் ஏறி வந்திருந்தாங்க. பேச்சுவாக்குல டிக்கெட்டைக் காட்டி, "வர்றதுக்கு ஒன்னே முக்கால் மணி, போறதுக்கு மட்டும் ஆறரை மணி உட்காரணுமே டீச்சர், இடுப்பு தாங்குமா?"ன்னேன். அவங்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "யாரும்மா சொன்னா உங்களுக்கு? கிளம்பற நேரம் கிளம்பற ஊர்க் கடிகாரம், எறங்கற நேரம் எறங்கற ஊர்க் கடிகாரம். ரெண்டரை மணி நடுவுல ஒளிஞ்சுண்டிருக்கு. போனாலும் சரி வந்தாலும் சரி, நாலு மணி நேரம் சொச்சம் ஆகும். ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டராச்சே! இருக்கற தூரம் ஒன்னுதானே, உங்க பிள்ளை வர்றான்னு அது குறையுமா?" நான் கேட்டேன், "நம்ம மணிக்கு ரெண்டுக்கு அங்க ஏறினா டீச்சர்?" விரல் விட்டு எண்ணிட்டுச் சொன்னாங்க, "ஆறே காலுக்கு இங்க எறங்கிடலாம்."

நான் அப்படியே உட்கார்ந்துட்டேன். நீ பொய் சொல்லலை. ரெண்டு மணி வண்டியிலதான் வந்தே. உன் மாமி உன்னைப் புடிச்சு வைக்கலை, நீ அங்க போகவே இல்லை, வீட்டுல இருந்து நேரா ஏர்போர்ட்டுக்கு ஓடியிருக்கே. நீ மேல வந்துக்கிட்டே இருந்தே, நான் கீழ உங்கத்தாவை அனுப்பிட்டேன். டீச்சர் என் முகத்தைப் பாத்துட்டுத் தண்ணி கொடுத்தாங்க. அவங்க வீட்டுக்காரர் போனப்ப அமெரிக்காவுல இருந்து மகன் வர்ற வரைக்கும் ரெண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்ததைச் சொல்லி, "உங்க வழக்கம் வேற, மனசை விட்டுடாதீங்கோ"ன்னாங்க. வழக்கம் மேல பழி போட அவங்க ஒரு வழி காட்டினாங்க. நான் அதுல போகலை. எங்க வழக்கம் எனக்குப் பொறுக்கத்தான் செஞ்சுது, நான்தான் பொறுக்கலைன்னு அவங்ககிட்ட சொல்லலை. உன்கிட்ட சொல்றேன். ஆனா அவங்க மகன் ரெண்டு நாள் கழிச்சு வந்தும் அப்பா முகத்தைப் பாத்தானேன்னு, பாவம், அந்த டீச்சர் மேலயும் பொறாமைப்பட்டேன்.

சீனி, படிக்காத அம்மா உனக்குப் புத்தி சொல்றதா நெனக்காதே. பட்டதைச் சொல்றேன். ஒருத்தருக்கு ஒரு சேதி சொல்லணும்னா உடனே சொல்லிடு, அவங்க யார் பக்கத்துல இருக்காங்கன்னு பாத்துக்கிட்டு நிக்காதே. மனசுல ஒரு கேள்வி வந்தா அது சின்னதா இருக்கையிலேயே கேட்டுடு. நாளைக்கு உனக்கு ஒரு புள்ளை பொறந்து, அது உன்னைவிட்டு இன்னொருத்தர் மடிக்கு ஓடினா, ஓட விடு. ஒரு மடி நிறைஞ்சா இன்னொரு மடி காலின்னு நான் கணக்குப் போட்டேன், அந்தக் கணக்கும் தப்பு. உன் அழுகையை உன் மாமிகிட்ட இருந்து புடுங்கினேன்ல, அதனால என்ன ஆச்சு பாரு. ஏழு மணிக்கு சொல்லியிருந்தா நஸ்ரீன் இருந்திருப்பா, உன் மாமி இருந்திருப்பாங்க, உன்னைத் தூக்கி நிறுத்தி வண்டி ஏத்தி விட்டிருப்பாங்க. நான் பத்து மணி வரைக்கும் காத்திருந்து, உன்னைத் தனியா புடிச்சு, தலையில இடியைப் போட்டேன். தேய்ப்புப் பெட்டியை அணைச்சியா இல்லையான்னுகூடத் தெரியாம நீ ஓடியிருப்பே. நாலு மணி நேரம் முன்ன பின்ன தெரியாத சனங்களுக்கு நடுவுல பெல்ட்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தே. அப்ப உன் தலையைத் தடவ ஒரு கை இல்லாமப் பண்ணினது நான்.

இந்த ஞாயித்துக்கிழமை நஸ்ரீனையும் கூட்டிக்கிட்டு அங்க பசியாறப் போ. இந்தக் கடிதத்தைப் படி. உன் மாமி ஏதாவது சொல்லி என்னைக் காப்பாத்தப் பாப்பாங்க, விடாதே. நீ அவங்ககிட்ட மன்னிப்புக் கேளு, எனக்காகவும் கேளு. சின்னத்தாவுக்கு நான் இங்க சொல்லிட்டேன். அவர், "அண்ணன் கேலி பண்ணிட்டுப் போனது இப்படியா வந்து நிக்கணும்"னு மட்டும் சொன்னார். என் டிக்கெட்டைப் பத்தி நீதான் முடிவு சொல்லணும். இதைப் படிச்ச பிறகும் என்னை அங்க பார்க்க உனக்கு மனசு இருந்தா வர்றேன். நாலு மணி நேரம்தானே, உட்கார்ந்துடுவேன். உன் மாமி கையால தேத்தண்ணி வாங்கிக் குடிப்பேன். அவங்க உன்னை சீனின்னு கூப்பிட்டா எனக்குச் சுருக்குன்னுதான் இருக்கும், இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன், பொய் சொன்னது போதும். சுருக்குன்னா இருந்துட்டுப் போகட்டும், குடிச்சிடுவேன். வர வேணாம்னு நீ சொன்னாலும் சரி. உனக்கு அந்த உரிமை இருக்கு.

ஒன்னே ஒன்னு மட்டும் என் மனசைவிட்டுப் போகலை. இதைக் கேக்குறதும் அந்தப் பழைய பொறாமைதான்னு எனக்குத் தெரியும். டீச்சர்கிட்ட கேட்டேன், நடுவழியில எந்த இடத்துல டீச்சர் மணி மாறும்னு. "மேல கோடெல்லாம் ஒன்னும் தெரியாதும்மா, அவாஅவா கடிகாரத்தை அவாஅவாதான் திருப்பிக்கணும்"னாங்க. உங்கத்தாவை மண்ணுக்குள்ள எறக்குனது நம்ம மணிக்கு அஞ்சு இருபது. அங்க அது ஏழு அம்பது. அப்ப கபர்ஸ்தான்ல நானும் இல்லை, நீயும் இல்லை. நான் பாயைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், நீ எங்கேயோ கடலுக்கு மேல இருந்தே. அவர் கட்டி விட்ட கடிகாரம் உன் கையில இருந்துச்சு. அந்த நேரத்துல அதுல மணி எத்தனைடா, சீனி, எங்க மணியா, அவங்க மணியா?